வாரண்டிக்கும் கேரண்டிக்கும் ஒரே பாட்டன்

மிக்சி வாங்கப் போனால், பில் போடும் முன் கடைக்காரர் தவறாமல் சொல்லிவிடுவார்: “ரெண்டு வருஷம் வாரண்டிங்க, கேரண்டி கிடையாது.” மோட்டார் பழுதானால் காசு வாங்காமல் சரிபண்ணித் தருவார்கள், அதற்காகப் புது மிக்சி கேட்டுச் சண்டைக்கு வரக் கூடாது. நம் கடைவீதியில் வாரண்டி என்றால் ரிப்பேர், கேரண்டி என்றால் மாற்றித் தருவது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கு இங்கிலாந்தில் செல்லாது. அங்கே பொருளோடு சும்மா வருவதைப் பொதுவாக கேரண்டி என்பார்கள். மேற்கொண்டு பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் காப்புக்கு வாரண்டி என்று பெயர். அவர்கள் பங்கு பிரித்த விதம் வேறு, நாம் பிரித்த விதம் வேறு.

வேடிக்கை என்னவென்றால், பிரிப்பதற்கு ஆதியில் இரண்டு சொற்களே இல்லை. வாரண்டியும் கேரண்டியும் ஒரே சொல்.

ரோமப் பேரரசு சரிந்த காலத்தில் இன்றைய பிரான்சுக்குள் நுழைந்த ஜெர்மானியக் கூட்டங்கள் தங்கள் சொற்களையும் கொண்டுவந்தன. அவற்றில் பல ‘வ’ என்று தொடங்குபவை. பாரிஸ் வட்டாரத்து நாக்குக்கு அந்த முதலெழுத்து வசப்படவில்லை. முன்னால் ஒரு ‘க’ ஒட்டி ‘க்வ’ என்றார்கள்; பிறகு ‘வ’ தேய்ந்து ‘க’ மட்டும் நின்றது. வடக்கே நார்மண்டிக்காரர்களோ பழைய ‘வ’வையே வைத்துக்கொண்டார்கள். பாரிஸ்காரர்கள் ‘கியோம்’ என்று அழைக்கும் பெயர்தான் நார்மண்டியில் ‘வில்லியம்’. 1066-இல் அந்தப் பெயருள்ள பிரபு ஒருவர் கடலைத் தாண்டி இங்கிலாந்தைப் பிடித்தபோது, அவர் ஆட்களோடு ‘வ’ச் சொற்களும் கரையேறின. பின்னாளில் பாரிஸ் பிரெஞ்சுக்கு மவுசு கூடியதும் அதே சொற்கள் ‘க’ போட்டுக்கொண்டு மறுபடி வந்தன. வாரண்டி 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. கேரண்டி வந்துசேர 17ஆம் நூற்றாண்டு ஆயிற்று. வார்டன், கார்டியன் கதையும் இதேதான். கல்லூரி விடுதியில் சேரும்போது கார்டியன் கையெழுத்துக்கு ஓர் இடமும் வார்டன் கையெழுத்துக்கு ஓர் இடமும் விட்டிருப்பார்கள். காவலர் என்ற ஒரே சொல்தான் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடுகிறது.

இப்படி ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு வழியாக வந்துசேர்ந்த சொற்களை மொழியியலில் இரட்டைகள் என்பார்கள். ஆங்கிலத்தில் இவை ஏராளம். ஏராளமாக இருப்பதில் பெரிய வியப்பில்லை. ஆயிரம் ஆண்டுகளாகப் படையெடுப்பும் வாணிபமும் கண்ட தீவு. என்னை வியக்க வைப்பது வேறு: வந்த இரட்டைகள் ஒரே பொருளோடு சும்மா இருப்பதே இல்லை. ஒன்று இந்தப் பக்கம் நகர்ந்தால் மற்றது அந்தப் பக்கம் நகர்கிறது. இரண்டில் ஒன்று நகர மறுத்தால், பெரும்பாலும் செத்தே போகிறது.

இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் மிஷேல் பிரேயால். பாரிஸில் பேராசிரியராக இருந்தவர். சொற்பொருளியல் என்ற துறைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரே அவர்தான். 1897-இல் வெளிவந்த அவருடைய நூலில் ‘பங்கீட்டு விதி’ என்று ஒன்று வருகிறது. ஒரே பொருளில் இரண்டு சொற்கள் புழங்க நேர்ந்தால், பேசுகிற மக்களே, யாரும் சொல்லாமலே, அவற்றுக்கு ஆளுக்கொரு வேலை ஒதுக்கிவிடுவார்கள் என்பது அதன் சாரம். (1896 ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தைச் சேர்க்கச் சொல்லி யோசனை தந்ததும், வென்றவருக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்ததும் இதே மனிதர்தான். ஓட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!)

விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, நார்மன்களுக்கும் முன்னால் போக வேண்டும். 865-இல் பெரும்படையோடு இங்கிலாந்தில் இறங்கிய டேனியர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. கிழக்கிலும் வடக்கிலும் நிலம் பிடித்து உழ ஆரம்பித்தார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்கள் அவர்கள் வைத்த பெயர்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியும் உள்ளூர்க்காரர்களின் பழைய ஆங்கிலமும் தாயாதிகள். பொது மூலத்தில் ‘ஸ்க்’ என்றிருந்த ஒலி ஆங்கிலத்தில் ‘ஷ்’ என்று மெலிந்துவிட்டது, நார்ஸில் மெலியவில்லை. ஆகவே ஆங்கிலேயன் ‘ஷர்ட்’ என்று சொன்ன உடையை டேனியன் ‘ஸ்கர்ட்’ போல உச்சரித்தான். இருவரும் சொன்னது ஒரே உடையை, குட்டையான மேலங்கியை. ‘ஷார்ட்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

பக்கத்துப் பக்கத்து வயலில் ஒரே உடைக்கு இரண்டு பெயர். நாளடைவில் என்ன ஆயிற்று? ‘ஷர்ட்’ மேலே ஏறிக்கொண்டது, ‘ஸ்கர்ட்’ நீண்ட அங்கியின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிக்கொண்டது. ஒன்று நமக்குச் சட்டை, மற்றது பாவாடை. நார்ஸின் நேர் வாரிசான ஐஸ்லாந்து மொழியில் ‘ஸ்கிர்தா’ என்றால் இன்றும் சட்டைதான். அங்கே போட்டிக்கு ஆளில்லை, அதனால் அது இடம் மாறவும் இல்லை.

‘ஸ்கை’ என்ற சொல்லும் வடக்கிலிருந்து வந்ததுதான். நார்ஸில் அதற்கு மேகம் என்று பொருள். ஆங்கிலேயர்களுக்கு வானம் என்றால் ‘ஹெவன்’. புதுச் சொல் வந்து வானத்தைப் பிடித்துக்கொண்டதும் ‘ஹெவன்’ கடவுள் இருக்கும் இடமாக ஒதுங்கிக்கொண்டது. இன்னொன்றைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். பட்டினி கிடப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்வ்’ பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சாவதைத்தான் குறித்தது. அதன் ஜெர்மன் உடன்பிறப்பான ‘ஸ்டெர்பன்’ இன்றைக்கும் சாவைத்தான் சொல்கிறது. நார்ஸ் வழியாக ‘டை’ வந்து சாவு முழுவதையும் எடுத்துக்கொள்ள, ‘ஸ்டார்வ்’ கையில் பசிச் சாவு மட்டும் மிஞ்சியது. வட இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் அதே சொல் குளிரில் விறைப்பதைக் குறிக்கும். ஊருக்கு ஊர் வேறு பங்கு.

எல்லாப் போட்டியும் இப்படிச் சமாதானமாக முடிவதில்லை. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், தாம் 1490-இல் அச்சிட்ட ‘எனிடோஸ்’ நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதியிலிருந்து கடல்கடந்து போகப் புறப்பட்ட வணிகர்கள் சிலர், காற்று இல்லாமல் கரையோரம் ஒதுங்குகிறார்கள். ஷெஃபீல்டு என்ற துணி வியாபாரி ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஏதாவது கேட்கிறார். முக்கியமாக முட்டை வேண்டும் என்கிறார். அவர் சொன்னது ‘எக்ஸ்’. வீட்டுக்கார அம்மாள் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றுவிட்டாள். வணிகருக்குக் கோபம். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! கூட வந்தவர் குறுக்கிட்டு ‘ஐரன்’ வேண்டும் என்று சொன்னதும் அவளுக்கு விளங்கிவிட்டது. ‘எக்’ நார்ஸிலிருந்து வந்த வடக்கத்திச் சொல். ‘ஐ’ என்பதும் அதன் பன்மையான ‘ஐரன்’ என்பதும் தெற்கின் பூர்வீகச் சொற்கள். எதை அச்சிடுவது என்று காக்ஸ்டன் அங்கேயே புலம்புகிறார். முட்டையை மேல், கீழ் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை போலும். ‘எக்’ நின்றது, ‘ஐ’ போயிற்று.

சில சமயம் ஒரு வரவு பலரை நகர்த்துகிறது. ‘டீர்’ என்றால் இன்று மான். பழைய ஆங்கிலத்தில் அது எந்த விலங்கையும் குறித்த பொதுச்சொல். ஜெர்மனில் ‘டியர்’ என்றால் இப்போதும் விலங்குதான். பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’ வந்து பொதுச்சொல் ஆனது, ‘டீர்’ மானோடு ஒதுங்கியது. ‘பீஸ்ட்’டுக்கும் அந்த நாற்காலி நிலைக்கவில்லை. லத்தீனிலிருந்து ‘அனிமல்’ வந்து பரவியதும், அது கொடிய மிருகம் என்ற மூலைக்குத் தள்ளப்பட்டது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் படைப்பையும் பேழையையும் விவரிக்கிற நூல், விலங்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அதில் ‘அனிமல்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அப்போது அது அவ்வளவு புதுசு.

மாடு உயிரோடு இருந்தால் ‘கௌ’, தட்டுக்கு வந்தால் ‘பீஃப்’. உழைத்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்ற விளக்கத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். வால்டர் ஸ்காட் தம் ‘ஐவன்ஹோ’ நாவலில் ஒரு கோமாளி வாயில் வைத்துப் பிரபலப்படுத்தியது அது. அழகான விளக்கம்தான், ஆனால் கொஞ்சம் அளவுக்கு மீறி அழகு. நார்மன்கள் வந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் ‘பீஃப்’, ‘மட்டன்’ இரண்டும் உயிருள்ள மாட்டையும் ஆட்டையும் குறித்துவந்தன. தொழுவம், அடுப்படி என்ற சுத்தமான பங்கீடு மெல்ல மெல்ல, பிற்காலத்தில்தான் உறைந்தது. ஆளும் சாதியின் நாக்கு முதல் தள்ளு கொடுத்திருக்கலாம். மிச்சத்தைச் செய்தது பிரேயாலின் விதி.

இந்தச் சொற்கள் எப்போது வந்தன என்று எப்படித் தெரியும்? பழைய ஏடுகள் ஒருபுறம். ஆனால் ஏட்டைத் தொடாமலே, காதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடிகிற இடங்கள் உண்டு. செயின், சேர், சேஞ்ச், சான்ஸ், சேம்பர் — இவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. மெஷின், ஷாம்பெயின், ஷெஃப் இவையும் பிரெஞ்சிலிருந்து வந்தவையே. எழுத்தில் எல்லாவற்றுக்கும் ‘சிஹெச்’தான். முதல் கூட்டத்தில் அழுத்தமான ‘ச்ச’, இரண்டாம் கூட்டத்தில் ‘ஷ’. காரணம், 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களே தங்கள் ‘ச்ச’வை ‘ஷ’ ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் கடல் தாண்டியவை பழைய உச்சரிப்பை ஆங்கிலத்தில் பத்திரமாக வைத்திருக்கின்றன. பிரான்சிலேயே அது மறைந்துவிட்டது. பின்னால் வந்தவை புது உச்சரிப்போடு வந்தன.

‘சீஃப்’, ‘ஷெஃப்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சில் உருவான ஒரே சொல் அது. 1300 வாக்கில் வந்து ‘சீஃப்’ ஆனது, தலைவர். அதே சொல் 19ஆம் நூற்றாண்டில் உணவகக் கதவு வழியாக மறுபடி வந்தபோது தலைவர் நாற்காலி நிரம்பிவிட்டிருந்தது. சமையற்கட்டின் தலைவர் பதவி மட்டும் காலியாக இருந்தது. (இந்தக் காதுக் கணக்கு எப்போதும் பலிக்காது. வீரமரபைக் குறிக்கும் ‘ஷிவல்ரி’ பழைய வரவுதான், ‘ச்ச’ போட்டுத்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வாடை அடிக்கிறதே என்று பிற்காலத்தார் ‘ஷ’ ஆக்கிவிட்டார்கள்.)

நம் வாயில் நாள்தோறும் புழங்கும் மூன்று சொற்களும் இந்த வகை: ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல். விருந்தினர் தங்கும் இடத்தைக் குறித்த ஒரே லத்தீன் சொல் மூன்று உருவத்தில் நிற்கிறது. முதலிரண்டும் இடைக்காலத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்தவை. மூன்றாவது, பிரெஞ்சு நாக்கில் ‘ஸ்’ தேய்ந்துபோன பிறகு வந்தது. பிரெஞ்சில் எழுதும்போது அதன் ‘ஓ’வின் தலையில் கூரை போல ஒரு குறி போடுவார்கள். ஒலிக்காத ‘எஸ்’ எழுத்தை எடுத்துவிட்டு, பல சொற்களில் அதற்குப் பதிலாக இந்தக் கூரையைப் போடலாம் என்று பிரெஞ்சு அகாதமி 1740 பதிப்பு அகராதியில் முடிவு செய்தது. நோயாளிக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று என்று ஆங்கிலம் மூன்றையும் பிரித்துவிட்டது. மூன்றாவதைத் தமிழ் இன்னொரு முறை திருப்பிவிட்டது. “ஹோட்டலுக்குப் போகலாமா?” என்றால் நம் பிள்ளைகள் புரோட்டாவைத்தான் நினைக்கும், படுக்கையை அல்ல. படுப்பதற்கு நாம் லாட்ஜ் வைத்திருக்கிறோம்.

ஒலி மாற்றம் இவ்வளவு ஒழுங்காக நடப்பதால் இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கியும் போக முடிகிறது. 1818-இல் டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க்கும், 1822-இல் ஜெர்மனியின் ஜேக்கப் கிரிம்மும் (தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்) ஒரு வரிசையைக் காட்டினார்கள். லத்தீனில் ‘ப’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’. லத்தீனில் ‘d’ ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘t’ ஒலி. கால் சம்பந்தப்பட்ட ‘பெடல்’ லத்தீன் வழி வந்தது. ‘ஃபுட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ‘டென்டல்’ லத்தீன், ‘டூத்’ சொந்தம். சமஸ்கிருதமும் அதே குடும்பம். வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் அந்த உறவை எடுத்துச் சொல்லியிருந்தார். ஆக, சமஸ்கிருதத்திலிருந்து தமிழ் வாங்கிக்கொண்ட பாதமும் தந்தமும் இவற்றின் தூரத்து உறவினர்கள். சைக்கிள் பெடலை மிதிக்கும் பாதம் தன் பங்காளியைத்தான் மிதிக்கிறது.

தமிழுக்கு வந்த பாதம் என்ன ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். நம்மிடம் கால், அடி என்று சொந்தச் சொற்கள் உண்டு. சோபாவில் இடித்துக்கொண்டால் கால் வலிக்கும். சாமியிடம் போனால் பாதம் பணிவோம். தந்தம் வந்தது, வாயில் பல் ஏற்கெனவே இருந்ததால் யானையிடம் போய்ச் சேர்ந்தது.

சரி, மக்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. விடையின் ஒரு பகுதி குழந்தைகளிடம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எலன் மார்க்மனும் அவருடைய கூட்டாளியும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. ஏறத்தாழ மூன்று வயதுப் பிள்ளையின் முன் இரண்டு பொருள்களை வைப்பார்கள்: ஒன்று பெயர் தெரிந்தது, கரண்டி மாதிரி, மற்றது அது கண்டிராத ஏதோ ஒரு கருவி. பிறகு அர்த்தமே இல்லாத ஒரு புதுச் சொல்லைச் சொல்லி, அதைக் காட்டு என்பார்கள். பிள்ளை பெரும்பாலும் தெரியாத கருவியைத்தான் காட்டும். கரண்டிக்குத்தான் பெயர் இருக்கிறதே, அதற்கு எதற்கு இன்னொன்று? புதுச் சொல் என்றால் புதுப் பொருள் என்பது யாரும் கற்றுத்தராமல் அது போடும் கணக்கு. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகளிடம் இந்தப் பிடிவாதம் சற்றுத் தளர்வாக இருக்கும். அவர்கள் வீட்டில்தான் ஒரே கரண்டிக்கு நிஜமாகவே இரண்டு பெயர் உண்டே!

இதில் மனிதர்களுக்கு ஏகபோகமும் இல்லை போலிருக்கிறது. ஜெர்மனியில் இருந்த ரிகோ என்ற நாய் இருநூறு பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. தெரிந்த பொம்மைகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைப் போட்டு, கேட்டிராத பெயரைச் சொன்னபோது, பத்துக்கு ஏழு முறை புதிதையே கவ்வி வந்தது. 2004-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. நாய் சொல்லைப் புரிந்துகொண்டதா, புதுப் பொருளின் கவர்ச்சியில் போனதா என்று அப்போதே கேள்வி எழுந்தது; நியாயமான கேள்விதான்.

ஒவ்வொரு தலைமுறையும் ‘இரண்டு சொல் என்றால் இரண்டு பொருள்’ என்ற எதிர்பார்ப்போடு மொழியைக் கற்றுக்கொள்கிறது. இல்லாத வேறுபாட்டையும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆங்கிலச் சொற்களைத் தமிழுக்குள் விட்டபோது நாம் செய்ததும் இதுதான். ‘மீல்ஸ்’ என்று ஆங்கிலேயன் எந்த வேளைச் சாப்பாட்டையும் சொல்வான். ‘மீல்ஸ் ரெடி’ என்று பலகை தொங்கினால் நமக்குச் சோறு, சாம்பார், ரசம், அப்பளம் மட்டுமே. இட்லிக்கும் தோசைக்கும் டிபன் என்று தனிக் கட்சி. அத்தை, சித்தி, பெரியம்மா மூவரும் அவரவர் இடத்தில் உறுதியாக உட்கார்ந்திருந்ததால், வந்த ஆன்ட்டிக்குப் பக்கத்து வீடுதான் கிடைத்தது.

வெளியிலிருந்து யாரும் வராவிட்டாலும் சொற்கள் பிரிவதுண்டு. ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ இரண்டு: உடைமையைச் சொல்லும் ஒன்றும், விளக்கை அணைக்கும் ஒன்றும். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன இடங்களில் ஒன்றாகவும் மெதுவாகச் சொன்ன இடங்களில் வேறாகவும் ஒலிக்க, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துக்கூட்டல் வந்துவிட்டது. ‘டு’ என்பதும், மிகை என்று பொருள்படும் ‘டூ’ என்பதும் அப்படியே. மாவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ பூவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’தான்: தானியத்தின் பூ, அதாவது மிக நயமான பகுதி. இதில் உச்சரிப்பு பிரியவில்லை, எழுத்து மட்டும் பிரிந்தது.

எழுத்து மட்டும் பிரிகிற இந்த வகை நம் கண்ணெதிரிலும் நடந்திருக்கிறது. வட்டத் தட்டைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் ‘டிஸ்குஸ்’ ஆகி, மிகப் பழங்காலத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்து, முன்னே பார்த்த ‘ஸ்க்’ மெலிவுக்கு ஆட்பட்டு ‘டிஷ்’ ஆயிற்று. இடைக்கால லத்தீன் வழியாக வந்தபோது எழுதும் மேசை, ‘டெஸ்க்’. படித்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் நேரடியாக எடுத்தபோது ‘டிஸ்க்’. அதைக் கடைசியில் ‘சி’ போட்டும் எழுதினார்கள், ‘கே’ போட்டும் எழுதினார்கள், பொருள் ஒன்றுதான். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் கணினித் தகவல் சேமிக்கும் வட்டுகளைக் கொண்டுவந்தபோது அமெரிக்க வழக்கப்படி ‘கே’ போட்டது. 1982-இல் பிலிப்ஸும் சோனியும் பாட்டுத் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது ‘சி’ போட்டுக்கொண்டது. அவ்வளவுதான்: காந்த வட்டு என்றால் ‘கே’, ஒளி வட்டு என்றால் ‘சி’ என்று கணினி உலகம் பங்கு பிரித்துக்கொண்டது. இப்போது கணினிகளில் வரும் எஸ்எஸ்டி-யில் வட்டமாகச் சுற்றுகிற பொருள் எதுவுமே கிடையாது, உள்ளே சிப்புகள்தான். ஆனாலும் விண்டோஸ் அதை ‘டிஸ்க்’ என்றே பட்டியல் போடுகிறது, ‘கே’ எழுத்தோடு.